லஞ்ச வழக்கை விசாரிக்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கும், தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கோத்தகிரிக்காரன். அரசுத் துறை ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். வீட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு காலம் போகிறது. சட்டம் படித்தவனில்லை. ஒரே ஒரு லஞ்ச வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் நின்றிருக்கிறேன். அந்த வழக்குதான் இந்த மடலை எழுத வைக்கிறது. எந்த அலுவலகம், எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்பதை இங்கே எழுதவில்லை. யார் மேலும் பழி சுமத்த நான் பேனா எடுக்கவில்லை.

பணியில் இருந்தபோது ஒரு நாள் மாலை மேலதிகாரி கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு லஞ்ச ஒழிப்புத் துறை ஆபீஸ்ல இருக்கணும். எதுக்குன்னு கேக்காதீங்க, வீட்டுலயும் சொல்லாதீங்க" என்றார். போனேன். இன்னொரு துறையிலிருந்து ஒரு பெண் ஊழியரும் வந்திருந்தார். புகார் கொடுத்தவர் சிறு தேயிலை விவசாயி. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்த ஒன்றரை ஏக்கருக்கு உட்பிரிவு பட்டா கேட்டு எட்டு மாதம் நடந்தவர். அவரிடம் கேட்ட தொகை 3,000 ரூபாய். ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளின் எண்களை நான் வாசிக்க, அந்த அம்மா எழுதினார். ஒரு காவலர் நோட்டுகளில் வெள்ளைப் பொடியைத் தடவினார். பினாப்தலீன் என்றார்கள். கோலமாவை விட நைசாக இருந்தது, கையில் ஒட்டியதே தெரியவில்லை. தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் விட்டுக் காட்டினார்கள். டம்ளர் முழுக்க ரோஸ் நிறம் பரவியது.

நான் நிழல் சாட்சி. புகார்தாரர் போகும் இடமெல்லாம் கூடவே போய், பார்ப்பதையும் கேட்பதையும் மனதில் வாங்க வேண்டும். அந்த அலுவலகத்தில் மேசைக்கு ஓரடி பின்னால் நின்றேன். அதிகாரி தலை நிமிர்ந்தார். "கொண்டு வந்தீங்களா?" என்றார். ஒரே சொல்தான். சொன்ன விதத்தை இன்றைக்கும் என்னால் செய்து காட்ட முடியும். குரலைத் தாழ்த்தி, வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசை டிராயரை முழங்கையால் லேசாகத் தள்ளிக்கொண்டே கேட்டார். பணம் கைமாறியது. சைகை காட்டியதும் உள்ளே வந்தார்கள். அவருடைய வலது கையைக் கழுவிய தண்ணீர் சிவந்தது. பாட்டிலில் ஊற்றி, அரக்கு வைத்து, சீட்டில் கையெழுத்துப் போட்டோம். நடந்ததைப் பதிவு செய்யும் மகஜரை எழுதி முடிக்க இரவு ஒன்பது மணி ஆனது.

கூண்டில் ஏற எனக்கு நாலு வருடம் ஆனது. முதல் விசாரணையில் நான் சொன்னதை அப்போதிருந்த நீதிபதி கவனமாகக் கேட்டார். "எப்படிக் கேட்டார், அப்படியே சொல்லுங்கள்" என்றார். குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினேன். தட்டச்சரின் தாளில் ஏறியதோ வெறும் "கொண்டு வந்தீங்களா" மட்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்தா போட்டார்கள். அது வருவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் முன்னால் குறுக்கு விசாரணை நடந்தது. அவரும் போனார். மூன்றாமவர் வாதங்களைக் கேட்டுத் தீர்ப்பு எழுதினார். லஞ்ச ஒழிப்புத் துறை பொறி வைத்த நாளிலிருந்து ஏழு வருடம்.

எதிரித் தரப்பின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பின், வாதம் எளிமையானது. "கொண்டு வந்தீங்களா என்று அவர் கேட்டது பாகப்பிரிவினைப் பத்திர நகலை. பணத்தை இவராகவே கையில் திணித்துவிட்டார்" என்றார்கள். சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போனது. விடுதலை.

அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று சொல்ல நான் யார்? சந்தேகம் இருந்தால் விடுவிப்பதுதான் நீதி. கேட்டதும் நிரூபணமாக வேண்டும், வாங்கியதும் நிரூபணமாக வேண்டும், பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும், சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ்சாட்சி ஆனாலும் சூழ்நிலைச் சாட்சியம் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம் என்று சொன்ன தீர்ப்பிலும் இந்த அடிப்படையை விட்டுக்கொடுக்கவில்லை. அதை நான் ஏற்கிறேன்.

என் மனதை அறுப்பது வேறு. அந்தப் பட்டாக் கோப்பு சான்று ஆவணமாக நீதிமன்ற மேசையிலேயே இருந்தது. பத்திர நகல், விண்ணப்பத்தோடு முதல் நாளே கொடுக்கப்பட்டு, கோப்பில் மூன்றாவது பக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அளந்து வரைந்த உட்பிரிவு வரைபடமும் பின்னாலேயே இருந்தது. வரைபடம் தயாராகிவிட்ட கோப்பில் பத்திர நகலை யாரும் எட்டாவது மாதத்தில் கேட்க மாட்டார்கள். கோப்பு நகர்த்திப் பழகிய எந்த எழுத்தருக்கும் இது ஒரு நிமிட வேலை. அரசு வழக்கறிஞர் கேட்கவில்லை. சாட்சி, கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியும். நான் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன். சாட்சியிடம் எந்த நேரத்திலும் எந்தக் கேள்வியையும் கேட்கிற அதிகாரத்தைப் பழைய சாட்சியச் சட்டமும் நீதிபதிக்குக் கொடுத்திருந்தது, 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் கொடுத்திருக்கிறது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

தீர்ப்பு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த விவசாயி மெதுவாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, கடைசியா வந்த ஐயா நாம பேசுனதக் கேக்கவே இல்லைங்களே. எழுதுனதத்தானே படிச்சாரு." எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். லஞ்ச வழக்கை விசாரிக்கும் நீதிபதிக்குச் சட்டம் என்ன தகுதி கேட்கிறது? 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம், பிரிவு 3. செஷன்ஸ் நீதிபதியாகவோ, கூடுதல் செஷன்ஸ் நீதிபதியாகவோ, உதவி செஷன்ஸ் நீதிபதியாகவோ இருப்பவர் அல்லது இருந்தவர். அவ்வளவுதான். பதவிப் படி ஒன்றைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. சிறப்பு நீதிபதி என்ற ஏற்பாடு முதலில் வந்த 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தகுதி இதேதான். அன்றைக்கு லஞ்சம் என்றால் கவரில் வைத்துக் கொடுத்த நோட்டு. இன்றைக்கு அது பினாமி கம்பெனி, பத்து வங்கிக் கணக்கு, செல்போன் குரல் பதிவு. தகுதி வரி மட்டும் எழுபது வருடமாக அசையவில்லை.

யார் விசாரிக்கிறார் என்பதைச் சட்டம் அலட்சியமாகப் பார்க்கிறது என்றும் சொல்ல முடியாது. மகாராஷ்டிர முன்னாள் முதலமைச்சர் அந்துலே மீதான வழக்கைச் சீக்கிரம் முடிக்கட்டும் என்று 1984இல் உச்ச நீதிமன்றமே சிறப்பு நீதிபதியிடமிருந்து எடுத்து உயர் நீதிமன்ற நீதிபதியிடம் கொடுத்தது. 1988இல் ஏழு நீதிபதிகள் கூடி, அது தவறு, சட்டப்படி சிறப்பு நீதிபதிதான் விசாரிக்க வேண்டும் என்று தங்கள் நீதிமன்றத்தின் உத்தரவையே திருத்தினார்கள். மேலே இருக்கிற நீதிபதி என்பதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. அப்படிக் காப்பாற்றி வைத்த நாற்காலிக்கு, அதற்கென்று ஒரு படிப்பு வேண்டாமா?

2013ஆம் ஆண்டின் லோக்பால் சட்டத்தைப் பாருங்கள். அதில் நீதித்துறை சாராத உறுப்பினராக ஒருவர் வர வேண்டும் என்றால் ஊழல் தடுப்பு, பொது நிர்வாகம், கண்காணிப்பு, நிதி, சட்டம், மேலாண்மை போன்றவற்றில் குறைந்தது 25 ஆண்டு நிபுணத்துவம் வேண்டும். புகாரைப் பரிசீலித்து வழக்குக்கு அனுப்புகிறவருக்கு இத்தனை கேட்கிறோம். அந்த வழக்கில் சாட்சியை எடை போட்டு ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பவருக்குக் கணக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

கணக்கு என்று எழுதும்போது எங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கோடநாடு நினைவுக்கு வருகிறது. அங்குள்ள எஸ்டேட்டும் பேசப்பட்ட, முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் 1996இல் முதல் தகவல் அறிக்கை பதிவானது. 2003இல் வழக்கு கர்நாடகத்துக்குப் போனது. 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வங்கிக் கடன்களின் பட்டியல் ஒன்று உண்டு. வரிசையாகக் கூட்டினால் 10.67 கோடி வரும். கூட்டுத்தொகையாகப் போட்டிருந்தது 24.17 கோடி. பதின்மூன்றரைக் கோடி வருமானப் பக்கம் கூடுதலாக ஏறியதால், வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம் என்று வந்து, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்ற பழைய அளவுகோலுக்குள் அடங்கிவிட்டது. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. அதற்குள் முதல் எதிரி காலமாகிவிட்டதால் அவர் மீதான நடவடிக்கை அற்றுப்போனது, மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். அந்த வழக்கின் அரசியலைப் பேச நான் வரவில்லை. ஒரு கூட்டல் தவறு, தண்டனைக்கும் விடுதலைக்கும் நடுவில் நிற்கும் அளவுக்கு இவ்வகை வழக்குகளில் கணக்கு முக்கியம். அதைத்தான் காட்ட நினைத்தேன்.

பழனி மலைக்காரர்களுக்கு இன்னொரு வழக்கு மறந்திருக்காது. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல், அனுமதிக்கு மேல் மாடி மாடியாக எழும்பியது. பழனி மலைகள் பாதுகாப்பு மன்றத்தார் உயர் நீதிமன்றம் போனார்கள், கூடுதல் மாடிகளை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது, 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மாடிகளுக்கு விதிவிலக்குக் கொடுத்த அரசாணைதான் பிறகு ஊழல் வழக்கானது. 2000 பிப்ரவரி 2இல் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதா உள்ளிட்டோருக்குத் தண்டனை சொன்னது. அந்தத் தீர்ப்பை எதிர்த்த கலவரத்தில் அன்றைக்குத் தருமபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளை நினைக்காமல் அந்தத் தேதியை என்னால் எழுத முடியவில்லை. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. பினாப்தலீனும் ரோஸ் தண்ணீரும் அந்த வழக்கில் இல்லை. முழுக்க முழுக்கக் கோப்புதான். மலைப்பகுதிக் கட்டட விதி என்ன சொல்கிறது, விதிவிலக்கு யார் கொடுக்கலாம், குறிப்பில் யார் என்ன எழுதினார்கள், எந்த இடத்தில் கையெழுத்து மாறியது என்பதை வாசிக்கிற வேலை. ஒரே கோப்பை இரண்டு நீதிமன்றங்கள் வாசித்து இரண்டு முடிவுக்கு வந்தன.

மலையில் ஊழல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சமவெளியில் ஒரு வீட்டுக்கு நகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி வாங்கினால் வேலை முடிந்தது. இங்கே அதோடு வனத்துறை, புவியியல், வேளாண் பொறியியல் என்று தடையின்மைச் சான்றுகள் வேண்டும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வந்தால் அது தனிப் படி. சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். இந்தச் சட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மலை சரிந்து ஆள் செத்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் கையெழுத்து கூடக் கூட, கை நீட்டும் இடமும் கூடுகிறது. எந்தக் கையெழுத்து எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியாதவருக்கு, கை நீட்டியவர் யார், கோப்பைத் தன் வேலையாகத் தள்ளிவிட்டவர் யார் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னும் சிக்கல். ஜென்மம் என்ற பரம்பரை நில உடைமையை ஒழிக்க ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதில் "செக்‌ஷன் 17 நிலம்" என்று சொன்னால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் புரியும். எஸ்டேட் குத்தகையாக இருந்து, முடிவு காணாமல் இழுத்துக்கொண்டே இருக்கிற நிலம். அதில் தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களுக்குப் பட்டா இல்லை, கரண்ட் இணைப்புக்கே வருடக் கணக்கில் அல்லாடினார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து தேயிலை பறித்த குடும்பங்களும் அதில் உண்டு. அங்கே ஒருவர் "பட்டா வாங்கித் தர்றேன்னு காசு வாங்கினார்" என்று புகார் கொடுத்தால், "பட்டாவே தர முடியாத நிலத்துக்கு எப்படி லஞ்சம்?" என்றுதான் எதிரித் தரப்பு முதல் கேள்வி போடும். தர முடியாததைத் தருவதாகச் சொல்லி வாங்குவதும் குற்றம்தான் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் அந்த மனிதர்கள் ஏன் அதை நம்பினார்கள் என்பது கூடலூரின் கதை தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

ஐயா, அம்மா, நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. பிரிவு 3 கேட்பது குறைந்தபட்சத் தகுதி. அதற்கு மேல் தேர்ந்து பார்த்து ஆள் போடக் கூடாது என்று அது தடுக்கவில்லை. சிறப்பு நீதிபதியை நியமிப்பது அரசு, நீதித்துறை அதிகாரியை எங்கே அமர்த்துவது என்று முடிவெடுப்பது உயர் நீதிமன்றம். இரண்டு பேரும் மனது வைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம்.

மாநில நீதித்துறைப் பயிலகத்துக்குக் கோவையிலும் மதுரையிலும் மண்டல மையம் இருக்கிறது. ஒன்று நீலகிரிக்குக் கீழே, இன்னொன்று பழனி மலைக்குப் பக்கத்தில். லஞ்ச வழக்கு நீதிமன்றத்தில் அமரப் போகிறவரை அமர்வதற்கு முன்னால் சில வாரங்கள் அங்கே உட்கார வையுங்கள். வருமான–செலவுக் கணக்கை ஒரு தணிக்கையாளர் சொல்லிக் கொடுக்கட்டும். குரல் பதிவுக்கும் மின்னணு ஆவணத்துக்கும் என்ன சான்று வேண்டும் என்பதை நிபுணர் சொல்லட்டும். நில ஆவணத்தையும் கோப்புக் குறிப்பையும் வாசிக்க, வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற ஒரு நேர்மையான தாசில்தார் போதும். நீலகிரிக்கோ கொடைக்கானலை உள்ளடக்கிய திண்டுக்கல்லுக்கோ வருகிறவருக்கு மலைச் சட்டங்களையும் ஜென்ம நிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கேட்பது, சாட்சியைக் கேட்டவரே தீர்ப்பு எழுத வேண்டும் என்பதை. முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்துப் பின்னவர் தீர்ப்பு சொல்லலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அனுமதித்தது, 2024இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அனுமதிக்கிறது, தெரியும். அது வேறு வழியில்லாதபோது பயன்படட்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தம், விசாரணையை நாள் தவறாமல் நடத்தி இரண்டு ஆண்டில் முடிக்க முயல வேண்டும் என்கிறது. முடியாவிட்டால் காரணம் எழுதி ஆறு ஆறு மாதமாக நீட்டலாம், சாதாரணமாக மொத்தம் நான்கு ஆண்டைத் தாண்டக் கூடாது. ஒரு நீதித்துறை அதிகாரி ஓரிடத்தில் வழக்கமாக மூன்று ஆண்டை ஒட்டி இருக்கிறார். இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய வழக்கு மூன்று ஆண்டு இருப்பவரிடம் தாராளமாக முடியும். வாய்தாதான் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிய வழக்கு ஒன்று கையில் இருக்கும்போது மே மாத மாற்றல் பட்டியலில் அந்த நீதிபதியின் பெயர் வராமல் பார்த்துக்கொள்ள முடியாதா?

பல மாவட்டங்களில் தலைமை நீதித்துறை நடுவரே சிறப்பு நீதிபதியாகவும் இருக்கிறார். மாவட்டத்து நடுவர் நீதிமன்றங்களின் நிர்வாகம் அவர் தலையில். வங்கிகள் அடமானச் சொத்தைக் கையகப்படுத்தக் கொடுக்கும் மனுக்கள் அவர் மேசையில். இதற்கு நடுவில் நாள் தவறாமல் லஞ்ச வழக்கு நடத்து என்றால் எந்த மனிதரால் முடியும்? தனி நீதிமன்றம் வைக்கும் அளவுக்கு மலை மாவட்டத்தில் வழக்கு இல்லை என்பீர்கள். சரி. வாரத்தில் இரண்டு நாளை இதற்கென்று மட்டும் ஒதுக்கி, மற்ற வேலையை அந்த நாட்களில் வேறொருவரிடம் கொடுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நண்பரான வழக்கறிஞர் ஒருவர் சொன்னார்: "லஞ்ச வழக்குக்கென்றே பழகிய நீதிபதி போலீஸ் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எல்லா எதிரியும் குற்றவாளியாகத் தெரிவார்கள்." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசு ஊழியனாக இருந்தவன். பிடிக்காத ஆளை மாட்டிவிடப் பொய்ப் புகார் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் அப்படி மாட்டிய ஒரு எழுத்தர், தற்காலிகப் பணி நீக்கத்தில் இருந்தபடியே மகள் கல்யாணத்தை நடத்தினார். பந்தியில் பாதி இலை காலியாகக் கிடந்தது. பிறகு நிரபராதி என்று வெளியே வந்தார். அவரைக் காப்பாற்றியது எது தெரியுமா? புகாரில் சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே கோப்பு அவர் மேசையை விட்டுப் போய்விட்டதைத் கோப்பு வந்து போவதை எழுத்தர் குறித்து வைக்கும் தன்பதிவேட்டில் ஒரு நீதிபதி தானாகவே கண்டுபிடித்தார். அந்த நீதிபதியின் தகப்பனார் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவராம். கோப்பு வாசிக்கத் தெரிந்த நீதிபதி அந்த எழுத்தருக்குக் கிடைத்தது அதிர்ஷ்டத்தால். எங்கள் வழக்கில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்த விவசாயிக்கு உட்பிரிவு பட்டா பின்னால் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார். வழக்கைப் பற்றி மட்டும் பேச்சு எடுக்க மாட்டார்.

கோவை மையத்தில் அப்படி ஒரு வகுப்பு தொடங்கினால் என்னைக் கூப்பிடுங்கள். பொறி வைத்த மேசைக்கு ஓரடி பின்னால் நின்றவன் என்ன பார்க்கிறான், என்ன கேட்கிறான், அதில் எவ்வளவு தாளில் ஏறுகிறது என்று புது நீதிபதிகளுக்குச் சொல்கிறேன். "கொண்டு வந்தீங்களா" என்பதை இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டுகிறேன். படிக்காசு எதுவும் வேண்டாம். கோத்தகிரியில் காலை ஆறு மணிப் பஸ் ஏறினால் மேட்டுப்பாளையம் வழியாகப் பத்து மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.